பேச்சிச்செல்வி உப்பெடுத்த படலம்

வாழி பேச்சிச்செல்வி. எட்டு வயது நிறைந்து ஒன்பதை எட்டிப் பிடிக்க விரையும் இளங்கோமகள், இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும் எழில்முடியாள், மில்லர்புரத்துப் பள்ளி ஒன்றின் மூன்றாம் வகுப்பு ஆ பிரிவில், மூன்றாம் பெஞ்சின் சன்னலோரத்தைத் தன் ஆளுகைக்குள் வைத்திருந்த வீறுடையாள், வாழி. முத்தெடுத்தவர்களைப் பாடிப் பாடி இந்தத் துறைமுக ஊரின் புலவர்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. உப்பெடுத்தவளைப் பாட ஒருவரும் வரவில்லை. அந்தக் குறையை நான் தீர்க்கிறேன். ஆதலால், கடலே, நீ சற்று அலையடக்கு. துறைமுகத்துக் கப்பல்களே, உங்கள் முழக்கத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வையுங்கள். கலைமகளே, என் பேனாவில் மை தீர்வதற்குள் வந்து சேர். ஒரு சாசருக்காக ஐந்து நாள் நடந்த போரைச் சொல்லப் போகிறேன்.

போரை மூட்டியவர் அனுசியா டீச்சர். முற்பகலில் அறிவியலுக்கும் பிற்பகலில் தமிழுக்கும் தனிப்பெரும் அதிபதி, சாக்பீசைச் செங்கோலாகவும் டஸ்டரைக் கேடயமாகவும் ஏந்தி நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வாகை சூடுபவர். ஆனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், பள்ளிக் காவலாளி சுடலைக்கண்ணன் அண்ணாச்சி கடற்கரைக்குப் போய் பிளாஸ்டிக் கேனில் மொண்டு வந்த கடல்நீரைப் பெஞ்சுக்கு ஒரு சாசராக ஊற்றி, பதினொரு சாசர்களையும் சன்னல் விளிம்பில் அணிவகுத்து நிறுத்தி, அவர் ஓர் ஆணை பிறப்பித்தார்.

"வெள்ளிக்கெழம வர யாரும் தொடக்கூடாது. தண்ணி எவ்வளவு கொறையுது, கடைசில என்ன மிச்சம் இருக்குன்னு தெனமும் பாத்து நோட்டுல எழுதணும். வாற உப்ப அந்தந்த பெஞ்சு வீட்டுக்குக் கொண்டு போலாம்."

மற்றப் பத்துப் பெஞ்சுகளும் தங்கள் சாசரை விளிம்பு தளும்ப நிரப்பச் சொல்லிக் கூவின. பேச்சிச்செல்வி மட்டும் எழுந்து நின்று, எங்களுக்குப் பாதி போதும் என்றாள். தண்ணீர் மெல்லிதாக நின்றால்தான் வெயிலும் காற்றும் அதைச் சீக்கிரம் குடிக்கும் என்பது அவளுக்கு எந்தப் புத்தகமும் சொல்லிக் கொடுக்காத கலை. அவள் அம்மா சண்முகத்தாய் உப்பளத்தில் வேலை பார்ப்பவள். பாத்தியில் கடல்நீர் பாய்வதும், வெயிலில் இறுகி உப்புப் பூப்பதும், அதைப் பலகையால் வாரிக் கரையில் குவிப்பதும் அந்த வீட்டில் சோற்றோடு சோறாகப் பேசப்படும் செய்திகள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தப் போரின் பொருள் விளங்காது. போன பங்குனியில் யாரும் எதிர்பாராத ஒரு மழை பெய்தது. பல நாள் வாரிக் குவித்த உப்பு ஒரு மணி நேரத்தில் கரைந்து, வந்த கடலுக்கே திரும்பிப் போனது. அன்று சண்முகத்தாய் நனைந்த சேலையோடு வீட்டுக்கு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவள், விளக்கு வைக்கும் வரை எழுந்திருக்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை. அதைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்த பேச்சிச்செல்வி அன்றைக்கு மிகவும் பயந்துவிட்டாள். அம்மாவுக்கு, எந்த மழையும் தொடாத உப்பைக் கொஞ்சமாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது அவள் மனத்தில் அன்று விழுந்த ஆசை. ஆகவே திங்கட்கிழமை மாலையே வீட்டில் அவள் தன் வஞ்சினத்தை முழங்கிவிட்டாள்.

"எம்மா, வெள்ளிக்கெழம நான் உனக்கு உப்பு கொண்டாறேன்."

உப்பளத்துக்காரிக்கு உப்பா என்று சண்முகத்தாய் சிரித்தாள். சிரித்தாலும் சரி என்றாள்.

இனி எதிர்ப்படையைப் பாடுவோம். மூன்றாம் பெஞ்சின் மறுபாதியை ஆண்டவன் சிவசுப்பிரமணியன். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், என்றாலும் குலம் தாமிரபரணிக் கரைக் குலம். ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் அவனுடைய பெரியப்பா வீரபாகுவுக்கு வயல் இருக்கிறது. சனி ஞாயிறு வந்தால் பையன் அங்கேதான் கிடப்பான். மடை திறக்கத் தெரியும், வரப்பில் விழாமல் ஓடத் தெரியும், தவளைகளில் நான்கு வகையை அவற்றின் குரலைக் கொண்டே பிரித்தறியத் தெரியும். இந்த ஆண்டு நாற்றுக்கு விதை பாவி நாளாகியும் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று பெரியப்பா போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் கவலையில் ஒரு பங்கை இவனும் சுமந்துகொண்டு பள்ளிக்கு வந்தான். ஒரு பெஞ்சு, இரு பேரரசு. ஒன்றுக்கு மழை பகை, ஒன்றுக்கு மழை உயிர். நடுவே ஒரு சாசர்.

அதே திங்கள் பிற்பகல், தமிழ்ப் பாடவேளையில், டீச்சர் தாமே கட்டிய ஒரு பாட்டைக் கரும்பலகையில் எழுதினார். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் வகுப்பு முழுவதும் கையசைத்து மேகத்தை அழைத்தபடி பாட வேண்டிய பாட்டு அது.

கறுத்த முகிலே இறங்கி வா
காய்ந்த மண்ணைப் பார்க்க வா
குடத்தைச் சாய்த்துப் பொழிந்து வா
குளத்தை நிரப்பிப் போக வா

எழுதி முடித்துவிட்டு, ஒரு கவிஞருக்குரிய அடக்கத்தோடு, நல்லாருக்கா என்று டீச்சர் கேட்டார். நல்லாருக்கு டீச்சர் என்று இருபத்தொரு குரல்கள் எழுந்தன. வகுப்பில் இருபத்திரண்டு பேர்.

இரண்டாம் நாள் போர். செவ்வாய்க்கிழமை, மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று சன்னல் கம்பிகளுக்குள் புகுந்து புகுந்து வீச, வெயில் துணைக்கு வர, மூன்றாம் பெஞ்சின் சாசரில் நீர்மட்டம் மற்றப் பத்துச் சாசர்களையும் வெட்கப்படுத்தும் வேகத்தில் இறங்கிக்கொண்டு வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போன நம் தலைவி, கை கழுவித் துடைத்துக்கொண்டு, ஓரத்தில் வெண்மை தட்டியிருக்கிறதா என்று பார்க்கும் பேராவலோடு திரும்பி வந்தவள், வாசலிலேயே நின்றுவிட்டாள். அங்கே சிவசுப்பிரமணியன் தன் நீலநிறத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, மூடியில் பிடித்துப் பிடித்து, ஒரு மூடி, இரு மூடி, ஏழு மூடி என்று குடிதண்ணீரைச் சாசரின் ஓரமாக, மண் கரைந்துவிடாதபடி மடையில் விடுவதைப் போல அத்தனை பதமாக, முகத்தில் அருள் பொங்க ஊற்றிக்கொண்டிருந்தான்.

"ஏலே, இங்கன என்னலே செய்த?"

"தண்ணி பாய்ச்சுதேன். நீ பாக்கலயா, பாதிக்கு மேல வத்திப் போச்சுளா. காஞ்சா கருகிரும்லா."

"இது வயலாலே? அளம்லே இது. காயத்தான் வச்சிருக்கு."

வற்றுகிற தண்ணீரைக் கண்டால் ஊற்ற வேண்டும் என்பது அவன் வளர்ந்த மண்ணின் அறம். வற்றுகிற தண்ணீரைக் கண்டால் வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது அவள் வளர்ந்த மண்ணின் அறம். இரண்டு அறங்களும் மோதினால் என்ன ஆகும் என்பதை மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு அன்று கண்டது. பென்சில் பெட்டிகள் படபடத்தன. பெஞ்சின் குறுக்கே, சாக்பீசால், எந்தப் பேரரசனும் போடாத நேர்த்தியோடு ஓர் எல்லைக்கோடு கிழிக்கப்பட்டது. கோட்டுக்கு இந்தப்புறம் வந்த முழங்கை ஸ்கேலால் தாக்கப்பட்டது, கோட்டுக்கு அந்தப்புறம் உருண்டுபோன ரப்பர் சிறைப்பிடிக்கப்பட்டது, பறிகொடுத்தவள் பதிலுக்கு ஷார்ப்னரைக் கவர்ந்தாள். ஆநிரை கவர்தலும் மீட்டலும் அன்று ஆறு முறை நடந்தன. பேச்சிச்செல்வி கண்ணில் நீர் தளும்ப டீச்சரிடம் போய் முறையிட்டாள்.

டீச்சர் சாசரைப் பார்த்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"அவன் நல்ல தண்ணிதான ஊத்திருக்கான். உள்ள இருக்க உப்பு எங்கயும் போவாது. காயுறதுக்கு நாளு கூடும், அவ்வளவுதான். ஏல சிவசு, இனிம தொடாத."

உப்பு போகவில்லை, நாள்தான் போயிற்று. ஆனால் வெள்ளிக்கிழமை என்பது நாள்களால் ஆனது என்று சொல்லத் தெரியாமல் அவள் இடத்துக்குத் திரும்பினாள்.

மூன்றாம் நாளன்று அதைவிடப் பெரிய இடி விழுந்தது. புதன்கிழமை முற்பகல், சாசரில் குறைந்த தண்ணீர் எங்கே போயிற்று என்னும் பெருவினாவை எழுப்பிய டீச்சர், தாமே அதற்கு விடையும் பகர்ந்தார். அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகி மேலே போகிறது, மேலே குளிர்ந்து மேகமாகிறது, மேகம் மழையாகிக் கீழே வருகிறது. கரும்பலகையில் கடல், அம்புக்குறி, மேகம், அம்புக்குறி, மறுபடியும் கடல். பேச்சிச்செல்வியின் கை மேலே எழுந்தது.

"டீச்சர், எங்க சாசர்ல போன தண்ணியும் மேகமாவுமா?"

"ஆமா, ஆவும்."

"அப்புறம் அது எங்க விழும்?"

"எங்கன வேணாலும் விழும்மா. இங்கனயே கூட விழலாம்."

அந்தோ, மூன்று நாளாகத் தான் காத்து நின்று, காற்றை வேண்டி, வெயிலை வாழ்த்தி, துளித்துளியாக மேலே அனுப்பி வைத்தது யாரை என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பகைவனுக்குத் தன் கோட்டைக்குள்ளேயே சோறு போட்டு வளர்த்திருக்கிறாள். அவன் மேலே போய்க் கறுத்துப் பெருத்து, இதே சன்னலுக்குத் திரும்பி வருவான். போதாக்குறைக்கு அவனை வா வா என்று கையசைத்துக் கூப்பிட ஒரு வகுப்பே பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறது. அறிவியல் அவனை அனுப்புகிறது, தமிழ் அவனை அழைக்கிறது. இரண்டு பாடத்துக்கும் ஒரே டீச்சர்.

அன்று பிற்பகல் பாட்டுப் பயிற்சியில் இருபத்தொரு பிள்ளைகளின் கைகளும் மேகத்தை அழைத்தன. சிவசுப்பிரமணியன் கூரை ஓடு அதிரப் பாடினான், அவனுக்கு அது வெறும் பாட்டு அல்ல, பெரியப்பா வயலுக்கு அனுப்பும் விண்ணப்பம். பேச்சிச்செல்வி இரு கைகளையும் அக்குளில் திணித்துக்கொண்டு உதட்டைப் பூட்டி நின்றாள். டீச்சர் பாட்டை நிறுத்தினார்.

"என்னம்மா, வாயத் தெறக்க மாட்டியா? பாட்டு பிடிக்கலயா?"

ஒரு கவிஞர் கேட்கக் கூடாத கேள்வி.

"மழ வந்தா எங்கம்மா உப்பு கரஞ்சிரும் டீச்சர். போன தடவ கரஞ்சப்ப எங்கம்மா பேசவே இல்ல. நான் கூப்பிட மாட்டேன்."

நகைச்சுவைக்காக இந்தப் படலத்தை எழுத உட்கார்ந்தவன் நான். இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பிலும் யாருக்கும் வரவில்லை. சிவசுப்பிரமணியன் தன் கையை, அது மேகத்தை அழைத்தபடி பாதி வழியில் நின்ற கை, மெல்லக் கீழே இறக்கிக்கொண்டான்.

அனுசியா டீச்சர் கரும்பலகையைப் பார்த்தார். இரண்டு இரவு உட்கார்ந்து எதுகை பிடித்த நான்கு வரிகள். பெற்றவளுக்குத்தான் தெரியும் அதன் அருமை. ஆயினும் அவர் பெருமூச்சு ஒன்றை மட்டும் விட்டுவிட்டு, வரலாறு காணாத கொடை ஒன்றை வழங்கினார்.

"சரி. கடைசி வரிய நீங்களே மாத்தி எழுதிட்டு வாங்க. நீயும் சிவசுவும் சேந்துதான் எழுதணும். ரெண்டு பேருக்கும் பிடிக்கணும். இல்லன்னா பழைய வரிதான்."

நான்காம் நாள். வியாழக்கிழமை மதியம் எல்லோரும் விளையாடப் போய்விட, இரு பேரரசுகளும் எல்லைக்கோட்டின் இருபுறமும் அமர்ந்து, ஒரே நோட்டின் மேல் குனிந்து உடன்படிக்கைப் பேச்சைத் தொடங்கின. முகிலே ஓடிப் போ என்று அவள் எழுதினாள். ஓடிப் போனால் எங்கள் பெரியப்பா நாற்று என்ன ஆவது என்று அவன் அடித்தான். சும்மா நின்று பார் என்று அவன் எழுதினான். அது நின்றால் எங்கள் அம்மா உப்பு என்ன ஆவது என்று அவள் அடித்தாள். அடித்து அடித்து நோட்டில் ஓர் ஓட்டை விழுந்தது. அந்த ஓட்டை வழியாக அவன் கொஞ்ச நேரம் சாசரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாசரின் ஓரத்தில் மெல்லிய வெள்ளை வளையம் ஒன்று கட்டியிருந்தது. நடுவில் இன்னும் ஒரு விரல் நனையும் தண்ணீர்.

"ஏளா, அத ஆழ்வார்திருநகரிக்குப் போவச் சொல்லுவோமா? அங்கன வயலுதான் இருக்கு. உப்பே கெடையாது."

அவள் யோசித்தாள்.

"நாம சொன்னா கேக்குமாலே?"

"நம்ம சாசர்ல இருந்து போன தண்ணிதான. நாம சொன்னா கேக்காம பெறவு யாரு சொன்னா கேக்கும்?"

அறிவியலும் கவிதையும் இதைவிட நெருக்கமாகக் கைகுலுக்கிக்கொண்டதை நான் பார்த்ததில்லை. இருவரும் சேர்ந்து எழுதத் தொடங்கினார்கள். சரியாக அந்த நேரத்தில் வகுப்பறை இருண்டது.

தென்மேற்கே சாத்தான்குளத்துப் பக்கமிருந்து ஒரு மேகம் வந்துகொண்டிருந்தது. பெரிய மேகம் என்று சொல்ல முடியாது. ஆனி மாதத்தில் இந்த ஊருக்கு வழிதவறி வருகிற, ஓரம் கிழிந்த சிறு மேகம். ஆனாலும் நம் தலைவியின் கண்ணுக்கு அது பல்லாயிரம் யானைப்படையாகத் தெரிந்தது. காற்று மாறியது. முதல் சொட்டு சன்னல் கம்பியில் தெறித்தது. இரண்டாம் சொட்டு நான்காம் பெஞ்சின் சாசரில் விழுந்தது. பேச்சிச்செல்வி எழுந்தாள், எழுந்த இடத்திலேயே நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வாசற்படியும் நனைந்த சேலையும் கண்ணுக்குள் வந்து நின்றுவிட்டன.

அப்போது பாய்ந்தான் சிவசுப்பிரமணியன். நேற்று வரை மழைக்காகத் தொண்டை கிழியப் பாடியவன், மருத நிலத்து மைந்தன், மடை திறக்கும் மறவன், தன்னுடைய சாக்பீஸ் எல்லையைத் தானே தாண்டி, பெஞ்சின் மேல் ஏறி, தயிர்சோறு ஒட்டியிருந்த தன் டிபன் மூடியைச் சாசருக்குக் குடையாகப் பிடித்து, அதுவும் போதாதென்று சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். வானம் அவன் சட்டையின் மேல் தன் அம்புகளையெல்லாம் எய்தது. எண்ணிப் பார்த்தால் இருபது சொட்டு இருக்கும். அவன் அசையவில்லை.

"நீ எழுதுளா. சீக்கிரம் எழுதி அத அங்கன அனுப்பு."

அவள் எழுதினாள். எழுதியதைச் சன்னலைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள்.

ஆழ்வார் திருநகரிக்குப் போ

தூறல் நின்றது. சிவசுப்பிரமணியன் டிபன் மூடியை எடுத்தான். வெள்ளை வளையம் அப்படியே இருந்தது. ஒரு சோற்றுப் பருக்கை மட்டும் விழுந்திருந்தது, அதை அவனே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மேகம் போய்விட்டது என்று இருவரும் சிரித்தார்கள். அது ஆழ்வார்திருநகரிக்கு நேர் எதிர்த் திசையில், கிழக்குக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்ததை அவர்களிடம் சொல்லும் துணிவு எனக்கு இல்லை.

ஐந்தாம் நாள், வெள்ளி. காலைக் கூட்டத்தில் இருபத்திரண்டு பிள்ளைகளும் பாடினார்கள். மூன்று வரி வரைக்கும் வா வா என்று அழைத்த கைகள், நான்காவது வரியில் ஒரேயடியாகத் திரும்பித் தென்மேற்கைக் காட்டின. வந்த மேகத்தை அப்படியே கைகாட்டி வழியனுப்பும் பாட்டு அதற்கு முன் அந்தப் பள்ளியில் கேட்கப்பட்டதில்லை. எதுகை கெட்டுவிட்டது, ஓசை இடித்தது. டீச்சர் மட்டும் வாய்க்குள் பழைய வரியையே பாடினார் என்று ஒரு வதந்தி உண்டு, நான் நம்பவில்லை.

பின்பு வகுப்பறையில் வெற்றி அறிவிக்கப்பட்டது. பத்துச் சாசர்களிலும் இன்னும் தண்ணீர் தேங்கிக் கிடக்க, மூன்றாம் பெஞ்சின் சாசரில் மட்டும் உப்பு பூத்திருந்தது. பாதி ஊற்றியது, காற்றோரம் வைத்தது, பொறுத்தது, எல்லாம் சேர்ந்து வென்றன. பேச்சிச்செல்வி ஸ்கேலை நிமிர்த்திப் பிடித்து, அம்மா பலகையால் வாருவதைப் போலவே, ஓரத்திலிருந்து நடுவுக்கு வாரினாள். அரைத் தேக்கரண்டி தேறியது. சமபங்காக இரண்டு பொட்டலம் மடிக்கப்பட்டது. சிவசுப்பிரமணியன் தன் பங்கில் விரலை வைத்து நக்கிப் பார்த்து, கசக்குது என்று முகத்தைச் சுளித்து, எங்க வீட்டுல உப்பு இருக்கு, இதையும் நீயே உங்கம்மாட்ட குடு என்று நீட்டினான். சிறைப்பிடித்த ரப்பரையும் சேர்த்துக் கொடுத்தான்.

மாலையில் நம் தலைவி, ஒரு கை பையைப் பிடித்திருக்க மறு கை இரண்டு பொட்டலங்களையும் பொத்தியிருக்க, தெருவில் எதிர்ப்பட்ட யாரோடும் பேசாமல், பைப்படியில் தெறித்த தண்ணீருக்கு விலகி, வண்டி கழுவிக்கொண்டிருந்தவருக்கு இன்னும் விலகி, வெற்றித் திருவோடு வீடு புகுந்தாள். அடுப்பில் புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. உப்பெல்லாம் போட்டு இறக்கும் நேரம். விடியலிலிருந்து உப்புக்குள் நின்று பாதம் வெடித்திருந்த சண்முகத்தாய், மகள் நீட்டியதைப் பிரித்துப் பார்த்தாள்.

"ஏளா, இது எந்த அளத்து உப்பு?"

"மூணாவது பெஞ்சு அளம்மா. நேத்து மழ வந்துச்சு. கரைய விடல."

சண்முகத்தாய் சிரிக்கவில்லை. பொட்டலங்களை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் மகளுடைய அவிழ்ந்த சடையைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். அதன்பின், ஏழு கடலும் சாட்சியாக, எண்திசைக் காற்றும் வாழ்த்த, வானத்து மேகங்களெல்லாம் வெட்கி ஒதுங்கி நிற்க, ஐந்து நாள் பெரும்போரில் வென்றெடுத்த அந்த வெண்செல்வம் முழுவதையும், ஒரு துகள் மிச்சம் வைக்காமல், மகள் கண்ணெதிரே, கொதிக்கும் சட்டியில் கொட்டிக் கலக்கினாள்.

குழம்பில் உப்பு கூடிப்போயிருந்தது.